டிசம்பர் 16-க்கு இரண்டு நாள் முன்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் டிசம்பர் 16 அன்று தங்கள் நாளிதழில் ஒரு புகைப்படம் வெளியாகிறது. டாக்காவின் ரம்னா குதிரைப் பந்தயத் திடலில் போடப்பட்ட மேசையில் பாகிஸ்தான் தளபதி நியாஸி கையெழுத்திட, அருகில் லெப்டினன்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா அமர்ந்திருக்கும் அந்தப் படத்தை என் தலைமுறையினர் எவரும் மறக்க மாட்டார்கள். பதின்மூன்று நாள் போர், சரணடைந்த ஏறத்தாழ 93,000 பேர், ஒரு புதிய நாட்டின் பிறப்பு ஆகியவற்றை அந்தப் படத்தின் கீழ் நான்கைந்து வரிகளில் தாங்கள் நினைவூட்டுவது நல்ல வழக்கம். அது தொடர வேண்டும். ஆனால் அந்தச் சரணடைவுக்கு இரண்டு நாள் முன்பு, 14-ஆம் தேதி, அதே நகரத்தில் நடந்ததைப் பற்றி ஒரு வரியேனும் அந்தப் பக்கத்தில் வந்து நான் பார்த்ததில்லை. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத இடம் தர வேண்டுகிறேன்.

1971-இல் நான் கல்லூரி மாணவன். விடுதியின் உணவுக்கூடத்தில் இருந்த வானொலிப் பெட்டியைச் சுற்றி நாங்கள் இரவுதோறும் நின்றுகொண்டே செய்தி கேட்டோம். 16-ஆம் தேதி சரணடைவுச் செய்தி வந்ததும் மறுநாள் விடுதியில் எல்லோருக்கும் இனிப்பு வழங்கினார்கள். பிறகு நானே வரலாற்று ஆசிரியனாகி முப்பதாண்டுகளுக்கு மேல் கல்லூரிகளில் கற்பித்தேன். வங்கதேச விடுதலையைப் பற்றி எத்தனையோ முறை வகுப்பெடுத்திருக்கிறேன். அந்த வகுப்புகள் எதிலும், என்னைப் போலவே கரும்பலகைக்கு முன் நின்று வாழ்ந்த மனிதர்கள் வீடு வீடாகத் தேடப்பட்டுக் கொல்லப்பட்டதை நான் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. ஓய்வுபெற்ற பின்பு, அந்தப் போரைப் பற்றித் தொடர்ந்து வாசிக்க நேரம் வாய்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். என் மாணவர்களுக்குச் சொல்லாமல் விட்ட பாடத்தைத் தங்கள் வாசகர்களுக்காவது சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கடிதத்தின் காரணம்.

டிசம்பர் 14 அன்று டாக்காவில் ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. நம் விமானப்படையின் மிக் விமானங்கள் அன்று ஆளுநர் மாளிகையைத் தாக்கின; அந்தத் தாக்குதலுக்கிடையிலேயே, அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கதேசத்தின் ஆளுநர் மாலிக் தம் பதவி விலகல் கடிதத்தை எழுதினார். போர் முடிவுக்கு வந்துவிட்டது என்பது நகரத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மக்கள் எவரும் தெருவில் இறங்க முடியாத அந்த நாளில், அடையாளம் தெரியாதபடி சேறு பூசப்பட்ட ஒரு சிற்றுந்து மட்டும் பல்கலைக்கழகக் குடியிருப்புகளுக்கு இடையே போய்வந்தது. துப்பாக்கி ஏந்திய இளைஞர்கள் இறங்கி, பெயர் சொல்லிக் கேட்டார்கள். சிறிது நேரத்தில் திரும்பி வந்துவிடுவார் என்று மனைவியரிடம் சொன்னார்கள். கண்ணைத் துணியால் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வரலாற்றுத் துறையைச் சேர்ந்த கியாசுதீன் அகமது, பல்கலைக்கழகத்தின் மொஹ்சின் மாணவர் விடுதியின் பொறுப்பாசிரியர்களில் ஒருவர். விடுதியில் தண்ணீர் வரவில்லை என்பதால் அன்று காலை நீரேற்றும் பம்பைச் சரிபார்க்கப் போயிருந்தார். அங்கிருந்தே அவரைக் கொண்டுபோனார்கள். வங்க இலக்கியம் கற்பித்த அன்வர் பாஷாவும் ஆங்கிலம் கற்பித்த ரஷீதுல் ஹசனும் நெருங்கிய நண்பர்கள், ஒரே வீட்டில் தங்கியிருந்தார்கள், ஒன்றாகவே ஏற்றப்பட்டார்கள். வங்கத் துறை ஆசிரியரும் நாடகாசிரியருமான முனீர் சௌத்ரி தம் பெற்றோர் வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டார். ரவீந்திரநாத் தாகூரின் எழுத்தை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த மொஃபஸ்ஸல் ஹைதர் சௌத்ரியும் அன்றே கொண்டுசெல்லப்பட்டார். மறுநாள் 15-ஆம் தேதி, டாக்கா மருத்துவக் கல்லூரியின் இதய மருத்துவர் ஃபஸ்லே ராபியும் கண் மருத்துவர் அலீம் சௌத்ரியும் அழைத்துச் செல்லப்பட்டார்கள். இந்த வேட்டை 14-ஆம் தேதிதான் தொடங்கியது என்றும் சொல்ல முடியாது. 'இத்தேஃபாக்' நாளிதழின் சிராஜுதீன் ஹுசைனை 10-ஆம் தேதியே கொண்டுபோயிருந்தார்கள். 'ஷிலாலிபி' என்னும் இதழை நடத்திவந்த செலினா பர்வீனைச் சிறு வயது மகனை வீட்டில் விட்டுவிட்டு வரச்செய்தது 13-ஆம் தேதி.

17-ஆம் தேதி நாங்கள் இனிப்புக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்த வேளையில், அந்தக் குடும்பத்தினர் தங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நகரத்தின் மேற்கு விளிம்பில் ராயேர்பஜார் என்ற இடத்தில் கைவிடப்பட்ட செங்கல் சூளைகள் இருந்தன. மண் எடுத்த பள்ளங்களில் தேங்கிய நீரில், கைகள் பின்புறம் கட்டப்பட்டு, கண்கள் கட்டப்பட்ட நிலையில் உடல்கள் கிடந்தன. மருத்துவர் ராபியின் உடல் 18-ஆம் தேதி கிடைத்தது. பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலரின் எச்சங்கள் அதன்பின் மிர்பூர் புதைகுழியில் கண்டெடுக்கப்பட்டன. முனீர் சௌத்ரியின் உடலை யாராலும் அடையாளம் காண முடியவில்லை. நாவலாசிரியரும் பத்திரிகையாளருமான ஷஹீதுல்லா கைசரை அவருடைய தம்பி, திரைப்பட இயக்குநர் ஜாஹிர் ராய்ஹான், ஒன்றரை மாதம் ஓயாமல் தேடினார். 1972 ஜனவரி 30 அன்று அண்ணனைத் தேடி மிர்பூருக்குப் போனவர் அவரும் திரும்பவில்லை.

இவர்களில் அன்வர் பாஷாவைப் பற்றி வாசித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. 1971 ஏப்ரல் முதல் ஜூன் வரை, இராணுவத்தின் பிடியில் இருந்த அந்த நகரத்திலேயே, எந்த நேரமும் கதவு தட்டப்படலாம் என்ற நிலையில் உட்கார்ந்து அவர் ஒரு நாவலை எழுதி முடித்தார். மார்ச் 25 இரவில் தம்மோடு பணியாற்றிய ஆசிரியர்கள் கொல்லப்பட்டதையும், உயிர் தப்பிய ஓர் ஆசிரியர் மறுநாட்களில் தம் நகரத்தில் கண்டவற்றையும் சொல்லும் கதை அது. கையெழுத்துப் பிரதியாக இருந்த அந்த நாவல் போருக்குப் பின் 1973-இல் அச்சாயிற்று. அச்சில் பார்க்க எழுதியவர் இல்லை. தம்மைப் போன்றவர்களின் சாவைச் சாட்சியாக எழுதி வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே சாவை அடைந்தவர் அவர். தமிழில் அந்த நாவலைப் பற்றி யாரேனும் விரிவாக எழுதினால் நன்றாயிருக்கும்.

மார்ச் 25 பற்றியும் சொல்லியாக வேண்டும். டிசம்பரில் நடந்தது தோல்வியின் ஆத்திரத்தில் நிகழ்ந்த கடைசிநேர வெறி என்று எண்ணுவோர் உண்டு, அந்த எண்ணம் சரியன்று. இராணுவ நடவடிக்கை தொடங்கிய முதல் இரவிலேயே முதல் இலக்குகளில் ஒன்றாக டாக்கா பல்கலைக்கழகம் இருந்தது. இந்து மாணவர்கள் தங்கியிருந்த ஜகந்நாத் விடுதியில் மாணவர்கள் திடலுக்குக் கொண்டுவரப்பட்டுச் சுடப்பட்டார்கள். எதிரே இருந்த பொறியியல் பல்கலைக்கழகக் குடியிருப்பின் சன்னலிலிருந்து பேராசிரியர் நூருல் உலா தம் படக்கருவியில் அதைப் பதிவுசெய்தார். தத்துவப் பேராசிரியர் கோவிந்த சந்திர தேவ் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். புள்ளியியல் பேராசிரியர் மனிருஸ்ஸமானும் ஆங்கிலத்துறையின் ஜோதிர்மய் குஹதாகுர்தாவும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தவர்கள். குஹதாகுர்தாவிடம் பெயரையும் மதத்தையும் கேட்டுவிட்டுச் சுட்டதாக அவருடைய மகள் மேக்னா பின்னாளில் கூறியிருக்கிறார். அப்போது அவர் பள்ளி மாணவி, இன்று அறியப்பட்ட கல்வியாளர். குண்டடிபட்டு வெளியே கிடந்த குஹதாகுர்தா இன்னும் உயிரோடிருக்கிறார் என்ற செய்தியைக் குடும்பத்துக்குச் சொன்னவர், அதே நேரத்தில் தம் கணவரைப் பறிகொடுத்திருந்த மனிருஸ்ஸமானின் மனைவி. ஊரடங்கு தளரும்வரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. மார்ச் 30 அன்று அவர் இறந்தார். மாணவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே அரசியல் பேசிய சிற்றுண்டிச்சாலையின் உரிமையாளர் மதுசூதன் டேயைக்கூட விட்டுவைக்கவில்லை. மொழிப் போராட்டத்தில் மாண்டவர்களுக்காக எழுப்பப்பட்டிருந்த ஷஹீத் மினார் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. டாக்காவில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட், தம் அரசுக்கு மார்ச் 28 அன்று அனுப்பிய தந்திக்கு இட்ட தலைப்பே 'தேர்ந்தெடுத்த இனப்படுகொலை' என்பதாகும். அந்த எச்சரிக்கையை வாஷிங்டன் கேட்கவில்லை. தந்தி அனுப்பியவரைத்தான் பதவியிலிருந்து மாற்றியது.

ஆசிரியர்கள்மீது ஓர் இராணுவத்துக்கு இத்தனை பகை எப்படி வந்தது என்று கேட்டால், விடை அந்த மண்ணின் முந்தைய கால் நூற்றாண்டில் இருக்கிறது. 1948 பிப்ரவரி 25 அன்று பாகிஸ்தான் அரசியல் நிர்ணய மன்றத்தில் எழுந்து, மன்ற நடவடிக்கைகளில் வங்க மொழிக்கும் இடம் வேண்டும் என்று கேட்டவர் தீரேந்திரநாத் தத்தா. அந்தத் தீர்மானம் தோற்றது. கேட்டவரை அவர்கள் மறக்கவில்லை. 23 ஆண்டுகள் கழித்து, 1971 மார்ச் 29 அன்று, 84 வயது முதியவரான அவரையும் அவருடைய மகனையும் கொமில்லா வீட்டிலிருந்து இராணுவ முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1952 பிப்ரவரி 21-இல் வங்க மொழிக்காக டாக்கா மாணவர்கள் சுடப்பட்டது தமிழ் வாசகர்கள் அறிந்ததே. ஜனவரி 25-ஐ மொழிப்போர்த் தியாகிகள் நாளாகக் கொண்டாடும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் துப்பாக்கிச் சூட்டைக் கண்டித்துப் பேசியதற்காகச் சிறையில் அடைக்கப்பட்ட ஆசிரியர்களுள் முனீர் சௌத்ரியும் ஒருவர். முதலாண்டு நினைவுநாளில் சிறைக்குள்ளேயே நடிப்பதற்கு, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் நடிக்கக்கூடிய ஒரு நாடகம் வேண்டும் என்று உடனிருந்த கைதி கேட்க, அவர் எழுதிக் கொடுத்தார். தங்களைப் புதைக்கக் கூடாதென்று குழிக்குள் இறங்க மறுக்கும் பிணங்களே அந்த நாடகத்தின் பாத்திரங்கள். அதை எழுதியவருக்கு ஒரு கல்லறைகூட வாய்க்கவில்லை என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அந்த மனிதர் போராட்டக்காரர் மட்டும் அல்லர். வங்க எழுத்துகளுக்கான தட்டச்சுப் பலகையை 1965-இல் வடிவமைத்தவரும் அவரே. தாகூரின் பாடல்களை வானொலியிலிருந்து நீக்க 1967-இல் அரசு முனைந்தபோது எதிர்த்துக் கையெழுத்திட்டார்; வங்க எழுத்துமுறையைச் சீர்திருத்துவதாகச் சொல்லி மாற்ற முற்பட்டபோதும் எதிர்த்தார். மொழியைக் கற்பிப்பது, அதற்கு விசைப்பலகை செய்வது, அதில் பாடலாமா என்று அரசு கேட்கும்போது பாடலாம் என்று சொல்வது: இவ்வளவுதான் அவருடைய ஆயுதங்கள். ராஜ்ஷாஹி பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்த ஷம்சுஸ்ஸோஹாவிடம் அதுவும் இல்லை. 1969 பிப்ரவரி 18 அன்று ஊர்வலம் போன மாணவர்களுக்கும் சிப்பாய்களுக்கும் நடுவே போய் நின்றார், கொல்லப்பட்டார். அதே பல்கலைக்கழகத்தில் 1971 ஏப்ரலில் மொழியாசிரியர் சுகரஞ்சன் சமத்தாரும் கணித ஆசிரியர் ஹபீபுர் ரஹ்மானும், நவம்பரில் உளவியல் ஆசிரியர் மீர் அப்துல் கையூமும் கொண்டுசெல்லப்பட்டு உயிரிழந்தார்கள். அரசியலையே தொடாத பாடங்களைக் கற்பித்தவர்களும் தப்பவில்லை என்பதைக் காட்டவே துறைகளையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு நாட்டின் இராணுவம் அந்த நாட்டின் ஒரு பகுதியில் இருந்ததை ஆக்கிரமிப்பு என்று சொல்லலாமா என்ற கேள்வி எழக்கூடும். சட்டநூல்கள் இதற்கு என்ன சொல்லும் என்பதைவிட அந்த மக்கள் என்ன சொன்னார்கள் என்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். 1970 டிசம்பர் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் கட்சிக்குக் கொடுத்து, நாடு முழுமைக்குமான பெரும்பான்மையையும் தங்கள் தலைவருக்கு அந்த மக்கள் பெற்றுத் தந்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்து, 1,500 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து படைகளை இறக்கி, அவர்கள் மொழி அறியாத அதிகாரிகளைக் கொண்டு, ஒன்பது மாதம் ஊரடங்கால் ஆண்ட அமைப்புக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? வங்கதேசத்தில் இன்றுவரை அந்தப் படையை ஆக்கிரமிப்புப் படை என்றே சொல்கிறார்கள். 1971 ஏப்ரல் 10 அன்று விடுதலை அரசு அறிவிக்கப்பட்ட பிறகு அவர்களைப் பொறுத்தவரை அதில் ஐயமும் இருக்கவில்லை.

கொலைகளை நேரில் செய்தவர்கள் யார், கட்டளை எங்கிருந்து வந்தது என்பதில்தான் கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது. வீடுகளுக்கு வந்தவர்கள் 'அல்-பத்ர்' என்ற துணைப்படையினர். மதக்கட்சி ஒன்றின் மாணவர் அமைப்பிலிருந்து திரட்டப்பட்ட வங்காளி இளைஞர்கள். மொஹம்மத்பூரில் இருந்த உடற்பயிற்சிக் கல்லூரி அவர்களுடைய முகாமாகவும் வதைக்கூடமாகவும் இருந்தது. அந்தப் படையின் முக்கியத் தலைவர் ஒருவரின் நாட்குறிப்பில் டாக்கா பல்கலைக்கழக ஆசிரியர்களின் பெயர்களும் அவர்கள் குடியிருந்த வீடுகளின் விவரமும் இருந்தன. வந்தவர்களில் ஒருவர் தம் ஆசிரியரிடமே பயின்ற மாணவர் என்று ஒரு குடும்பத்தினர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். நான் கற்பித்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்கும்போது, இந்த ஒரு செய்தியைத் தாண்டி என்னால் எளிதில் நகர முடியவில்லை. வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் பெயர் வாசிக்க எழுந்து நின்றவன், அதே ஆசிரியரின் பெயரைத் தன் பட்டியலில் எழுதி வைத்துக்கொள்வதற்கு எத்தனை பேர், எத்தனை ஆண்டு அவன் மனத்தில் நஞ்சூட்டியிருக்க வேண்டும்!

2013 நவம்பர் 3 அன்று டாக்காவின் தீர்ப்பாயம் 9 ஆசிரியர்கள், 6 பத்திரிகையாளர்கள், 3 மருத்துவர்கள் ஆகிய 18 பேரின் கொலைக்காக இருவருக்கு மரண தண்டனை விதித்தது. இருவரும் வெகுகாலத்துக்கு முன்பே வெளிநாடுகளில் குடியேறிவிட்டவர்கள்; அவர்கள் இல்லாமலேயே விசாரணை நடந்தது. பிரிட்டனில் வாழ்பவர் குற்றச்சாட்டை முற்றாக மறுக்கிறார். அந்தத் தீர்ப்பாயத்தின் நடைமுறைகள் நியாயமானவையாக இல்லை என்று பன்னாட்டு மனித உரிமை அமைப்புகள் குறைகூறியதும் உண்மை. ஆகவே அவர்கள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் இவ்விருவரோடு விவகாரம் முடிந்துவிடாது. நகரம் முழுவதும் ஊரடங்கு இருக்கும்போது ஒரு வண்டி தடையின்றிப் பல நாள் ஓட வேண்டுமானால், ஊரடங்கை விதித்தவர்கள் அதற்கு வழிவிட்டிருக்க வேண்டும். ஆளுநரின் இராணுவ ஆலோசகராக இருந்த ராவ் ஃபர்மான் அலியின் மேசைக் குறிப்பேட்டில் பெயர்ப்பட்டியல் ஒன்று இருந்தது என்ற குற்றச்சாட்டை அவர் மறுத்தார். பாகிஸ்தான் அரசு அமைத்த ஹமூதுர் ரஹ்மான் ஆணையத்தின் முன் அவர் சொன்னது இது: டிசம்பர் 9 அல்லது 10 அன்று டாக்காவின் பீல்கானாப் படைத் தலைமையகத்தில் ஏராளமான வாகனங்கள் நிற்கக் கண்டார், சிலரைக் கைது செய்ய எண்ணியிருப்பதாக மற்றொரு தளபதி சொன்னார், வேண்டாமென்று தாம் அறிவுரை கூறினார். ஆணையம் அதைக் கேட்டுக்கொண்டு, வங்கதேசம் உறுதியான சான்று தராதவரை இராணுவம்தான் கொன்றது என்று முடிவு செய்ய இயலாது எனக் கூறி நிறுத்திக்கொண்டது. கைது செய்யும் திட்டமும் பட்டியலும் தளபதிகளிடையே பேசப்பட்டன என்பது அவர்கள் தரப்பு வாக்குமூலத்திலேயே இருக்கிறது; 10-ஆம் தேதி முதல் ஆட்கள் காணாமற்போனதும் நடந்திருக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்க அந்த ஆணையம் ஏன் விரும்பவில்லை என்பதை அதன் அறிக்கை சொல்லவில்லை.

இதை ஒரு மக்களின் குற்றமாக நான் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிழக்கில் நடந்ததை 1971 ஜூன் 13 அன்று லண்டனின் 'சண்டே டைம்ஸ்' வார இதழ் வழியாக உலகறியச் செய்த அந்தோணி மஸ்கரேனஸ் கராச்சியில் பணியாற்றிய பத்திரிகையாளர்; அதற்காகக் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறினார். அதே 1971-இல் உருது பேசிய பீகாரி முஸ்லிம்கள் பலரும் வங்காளிகளின் கையால் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய சாவும் சாவுதான்.

ஆயுதம் ஏந்திய ஆட்சி ஆசிரியர்களைத் தேடி வருவது டாக்காவோடு தொடங்கியதும் அன்று. 1939 நவம்பர் 6 அன்று போலந்தின் கிராகோவ் நகரில், ஜெர்மனியின் கல்விக் கொள்கை குறித்துச் சொற்பொழிவு என்று சொல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களை ஓர் அரங்கத்துக்கு வரவழைத்து, 183 பேரைக் கைது செய்து வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். முதியவர்கள் சிலர் அங்கேயே இறந்தார்கள். ஐரோப்பிய அறிஞர்கள் எழுப்பிய கண்டனத்தால் 1940 பிப்ரவரியில் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுவிக்கப்பட்டார்கள். திரும்பி வந்தவர்களும் மற்றவர்களும் சேர்ந்து, பிடிபட்டால் மரணம் என்று தெரிந்தே வீடுகளில் இரகசிய வகுப்பு நடத்தினார்கள். டாக்காவில் அப்படிக் கண்டனம் எழ இடைவெளியே விடப்படவில்லை. கொண்டுபோனதற்கும் கொன்றதற்கும் இடையே இருந்தவை சில மணி நேரங்கள். குடும்பத்தார் யாரிடம் முறையிடுவது என்று யோசிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எத்தனை பேர் என்ற கணக்கு இன்னும் முற்றுப்பெறவில்லை. வங்கதேசக் கலைக்களஞ்சியம் 991 கல்வியாளர்கள், 49 மருத்துவர்கள், 42 வழக்கறிஞர்கள், 13 பத்திரிகையாளர்கள் என்றும், பிறரையும் சேர்த்து 1,111 என்றும் தொகை தருகிறது. அறிவாளர் என்றால் யார் என்று வரையறுத்து அரசு தனியே வெளியிட்டுவரும் பட்டியலில் 2024 மார்ச் வரை 560 பெயர்கள் சேர்ந்திருந்தன. அந்த 991 பேரில் பல்கலைக்கழகத்தவர் மிகச் சிலரே. மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் மாவட்டங்களிலும் கிராமங்களிலும் பணியாற்றிய பள்ளி ஆசிரியர்கள். அவர்களுக்கு நாடகமோ நாவலோ இல்லை. ராயேர்பஜார் நினைவிடத்தில் அவர்களுக்கெனத் தனிப்பலகை இல்லை. பாடப்புத்தகத்தோடு ஊருக்குள் மதிப்போடு வாழ்ந்தார்கள் என்பதே அவர்கள்மேல் கண்விழக் காரணம்.

ராயேர்பஜாரில் 1999-இல் திறக்கப்பட்ட நினைவிடம் செங்கல்லால் ஆன நீண்ட சுவர்தான். பழைய சூளைகளை நினைவூட்டும்படி அது இருபுறமும் சிதைந்த வடிவில் கட்டப்பட்டிருக்கிறது. நடுவே ஒரு சதுரச் சன்னல், அதன் வழியே வானம். ஒவ்வொரு டிசம்பர் 14 அன்றும் அங்கே மக்கள் மலரோடு வருகிறார்கள். நம் நாளிதழ்களில் வெற்றி விழாவுக்குக் கிடைக்கும் இடத்தில் நான்கில் ஒரு பங்கு அந்தச் சுவருக்குக் கிடைத்தால் போதும். நம் படைவீரர்கள் உயிரைக் கொடுத்துப் பெற்றுத்தந்த வெற்றி அது. அவர்கள் டாக்காவின் எல்லையை நெருங்கிக்கொண்டிருந்த அதே மணி நேரங்களில் உள்ளே என்ன நடந்தது என்பதும் அந்த வெற்றியின் வரலாற்றைச் சேர்ந்ததே. வரும் டிசம்பரில் 16-ஆம் தேதிப் படத்தோடு, 14-ஆம் தேதி இதழில் ஒரு கட்டம் ஒதுக்கி, குறைந்தது பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஒன்பது பேரின் பெயர்களையாவது தாங்கள் அச்சிட வேண்டும்.

தேடும் சிரமம் வேண்டாம் என்பதற்காக அவற்றை இங்கேயே தருகிறேன். வங்கத் துறையில் முனீர் சௌத்ரி, மொஃபஸ்ஸல் ஹைதர் சௌத்ரி, அன்வர் பாஷா. ஆங்கிலத் துறையில் ரஷீதுல் ஹசன். வரலாற்றுத் துறையில் சந்தோஷ் சந்திர பட்டாச்சார்யா, கியாசுதீன் அகமது, அபுல் கைர். கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் சிராஜுல் ஹக் கான், ஃபைசுல் மஹி.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாளையங்கோட்டை